மான் தின்ற பட்டியல்

மார்ச் மாதக் கலண்டர் தாளைக் கிழித்து
பின்பக்கம் மூன்று நிரல் கீறினேன்.
மென்பொருள்களின் பெயரை எழுதவில்லை, நிறத்தை எழுதினேன்:
சாம்பல், செம்மஞ்சள், பச்சை.
மூன்றும் இலவசத் தவணையில்
என் பழைய மடிக்கணினிக்குள் நெருக்கியடித்துக் கிடந்தன.

காசு ஒன்றுக்குத்தான்.
சீட்டைக் கழித்து எடுத்தது பாதி,
கிண்ணியாவிலிருந்து சஃப்ரா தந்தது மீதி.
கலியாண வீடியோவுக்கும்
ஓட்டோவில் சுற்றும் சேலைக்கடை விளம்பரத்துக்கும்
இனிக் கள்ள மென்பொருளில் இசை செய்வதில்லையென்று
பாலத்தில் நின்று சத்தியம் பண்ணியிருந்தோம்.
காரணம் வைரஸ்.
நேர்மை பிறகுதான் வந்தது.

சோதனைக்கு எட்டே எட்டு பார், மூன்றிலும் ஒன்றே.
ரொட்னி வாசித்தது.
பாலையூற்றிலிருந்து கீபோர்டைச்
சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து
பிளேன்ரீ ஆற முன்னம் வாசித்துவிட்டுப் போய்விட்டான்.
மூன்றாம் பீட்டில் எப்போதும்
ஒரு மயிரிழை பிந்துவான்.
பியானோ ரோலில் அது கண்ணுக்கே தெரிந்தது,
கோட்டுக்குச் சற்று வலப்பக்கம்
வரிசையில் நிற்கத் தெரியாத ஒரு சின்னப் பெட்டி.

சாம்பலில் குவான்டைஸை அழுத்தினேன்.
பெட்டிகள் எல்லாம் நேவிக்காரர் மாதிரி
கோட்டில் வந்து விறைத்து நின்றன.
கேட்டேன்.
பிழை இல்லை. ரொட்னியும் இல்லை.

செம்மஞ்சளில் சதவீதம் உண்டு.
எழுபது இழு, முப்பதை விடு என்று சொல்லலாம்.
வெலோசிட்டிக் குச்சிகளை
மவுஸால் ஒரே வீச்சில் தடவினால்
மெல்ல எழும்பி மெல்ல விழும்.
ஆனால் காசு கட்டும்வரை சேமிக்க விடாது.
மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
பற்றரி செத்து ஒரு வருசம்.
ஒன்றரை மணித்தியாலம் தடவித் தடவி எடுத்தது
இருட்டுக்குள் போனது.

பச்சையில் எழுத்து எறும்பளவு,
மெனுவுக்குள் மெனு, அதற்குள்ளும் ஒன்று.
பிட்ச் பெண்டை மட்டும்
ஸ்வரத்துக்கு உள்ளேயே வளைக்கலாம்.
நாதஸ்வரச் சாம்பிளை நி-யிலிருந்து ஸ-வுக்கு இழுத்தேன்,
வழுக்கிக்கொண்டு ஏறியது.
மற்ற இரண்டிலும் அதே நாதஸ்வரம்
படிப்படியாகக் காலூன்றி ஏறியது.

நாற்பத்தொரு வரி.
சரி, பிழை, கேள்விக்குறி, ஒரு இடத்தில் தேத்தண்ணிக் கறை.
சஃப்ராவுக்குக் காட்ட டச் பே கடற்கரைக்குக் கொண்டுபோனேன்.
கடலை வாங்கச் சில்லறை தேடிய நேரம்
கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
மடியில் கிடந்த தாளை
அமைதியாக மென்றது.
முதலில் சாம்பல், பிறகு செம்மஞ்சள்.
பச்சையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்,
அது என்னைவிடப் பலசாலி.

சஃப்ரா சிரித்துச் சிரித்து மணலில் இருந்துவிட்டாள்.
"சரி, என்ன ஞாபகம் இரிக்கி? அதைச் சொல்லு."

எத்தனை ட்ராக் என்பது ஞாபகமில்லை.
எத்தனை வாத்தியம் சும்மா வரும் என்பதும் இல்லை.
சொல்ல வாயில் வந்தது ஒன்றுதான்:
பச்சையில், எல்லாவற்றையும் நேராக்கி
மூடிவிட்டுப் படுத்து, அடுத்த நாள் திறந்தாலும்
வலது கிளிக்கில் ஒரு வரி இருக்கிறது,
அசலுக்குத் திரும்பு.
பெட்டி மயிரிழை நகரும்.
ரொட்னி பிந்துவான்.

அதையே வாங்கினோம்.
டொலர் விலைக்கு அவளுடைய மச்சானின் கார்ட்.

ஞாயிறு ரொட்னி வந்தான்.
எது எதுவென்று சொல்லாமல் இரண்டையும் போட்டேன்.
முதலாவதுக்குத் தலையைச் சொறிந்தான்.
இரண்டாவதுக்கு, நேராக்கியதற்கு,
முகம் விரிந்தது.
"இதில நல்லா வாசிச்சிருக்கிறன், என்ன?"

ஓம் என்றேன்.
சேலைக்கடைக்கு அதைத்தான் அனுப்பினோம்.
இப்போது என் ஓட்டோ உள்துறைமுக வீதி முழுக்க
பிசகாமல் பாடிக்கொண்டு போகிறது.

வலது கிளிக்கில் இருக்கிற அந்த வரியை
அவனுக்கு இன்னும் காட்டவில்லை.